தன்னியல்பான கதவு

நீவெஸுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கதவு. அரண்மனைக் கதவெல்லாம் இல்லை. ஒரு சக்கர நாற்காலி முட்டாமல் போய்வருகிற அளவுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். அவளுடைய சமையலறைக்கு இடது பக்கத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய கழுதைக் கொட்டில். கொட்டிலும் அவர்களுடையதுதான், வேறு யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. கழுதை செத்து ஐம்பது வருஷம் ஆகிறது. அந்தச் சுவரில் ஒரு வழி வைத்து, கொட்டிலில் குளியலறையும் கழிப்பறையும் கட்டிவிட்டால் இவானோ வீட்டுக்கு வந்துவிடுவான்.

இவானோ அவள் புருஷன். நாற்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டினவன். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஜில்லாத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே ஜூன் முப்பது வரைக்கும்தான் வைத்துக்கொள்வார்களாம். ரொக்காசெல்வா ஊரில் எல்லா வீடும் போல அவர்கள் வீடும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று அறை. கழிப்பறை உச்சியில் இருந்தது. முப்பத்தொரு படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "கீழ்த்தளத்துல குளியலறை இருக்குன்னு காகிதம் கொண்டு வாங்க, அன்னிக்கே அனுப்புறேன். இல்லன்னா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதியோர் இல்லம்தான்."

இவானோவுக்கு வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது. ஆனால் பேச்சில் குறும்பு போகவில்லை. "அந்த இல்லத்துக்கு நான் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், நீவெஸ்! போறப்ப ஆளோட போவேன். வர்றப்ப காலி பஸ்."

"சும்மா இரு. ஜூனுக்குள்ள கதவு வெச்சுடுவேன்" என்றாள் நீவெஸ்.

வேறு ஊராக இருந்தால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு முடித்திருப்பாள். பின்தெருக் கொத்தனார் துல்லியோ வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "மேல ஒரு இரும்புத் தாங்கல், ரெண்டு நாள் வேலை. உன் புருஷன் ஓட்டின பஸ்ஸையே உள்ள விடலாம்" என்றான். ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள், இது ரொக்காசெல்வா. இங்கே ஒரு செங்கல்லை நகர்த்த வேண்டுமென்றாலும் நகர வடிவ ஆய்வு நிலையத்தின் முத்திரை வேண்டும்.

அது என்ன நிலையம் என்றால், 1956இல் ஓத்தாவியோ கராம்பெல்லி என்று ஒரு கட்டடக்கலைஞர் இந்த ஊருக்கு வந்தார். கையில் அளவு நாடா, பின்னால் பன்னிரண்டு மாணவர்கள். வீடு வீடாக நுழைந்து, ஊரின் கீழ்த்தளச் சுவர் அத்தனையையும் அளந்து ஒரே தாளில் வரைந்தார். ஊர் என்பதை ராஜாவும் கட்டுவதில்லை, கட்டடக்கலைஞனும் கட்டுவதில்லை; சாதாரண ஜனங்கள் தங்கள் தேவைக்கு இங்கே ஒரு சுவர் எழுப்பி, அங்கே ஒரு கதவு உடைத்து, யாரையும் கேட்காமல் கட்டிக்கொள்வதுதான் ஊர்; அதைப் புத்தகம் மாதிரி வாசிக்க வேண்டும் என்று சொன்னார். அந்த ஒரு தாளால் நகரங்களை ஆராய்கிற படிப்பே உலகமெங்கும் மாறிப்போயிற்று என்பார்கள். நல்ல மனிதர். கொத்தனார்களோடு உட்கார்ந்து ஒயின் குடிப்பாராம்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு சீடர்கள் வந்தார்கள். கேட்காமல் கதவு உடைத்த ஜனங்களைப் புகழ்ந்தவர் பெயரில், யாரும் கேட்காமல் கதவு உடைக்கக்கூடாது என்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். நகராட்சி அவர்களுக்கு முத்திரையும் கொடுத்து, பழைய பிஷப் மாளிகையையும் கொடுத்தது. வருஷாவருஷம் ஆசானின் நினைவு நாளில் அவருடைய மடக்கு அளவுகோலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நான்கு பேராசிரியர்கள் தோளில் சுமந்து தெருவெல்லாம் வருவார்கள். ஊர்க் காவல் புனிதருக்குக்கூட இரண்டு பேர்தான் கிடைக்கிறார்கள்.

மார்ச் மாதம் நீவெஸ் விண்ணப்பம் எடுத்துக்கொண்டு மாளிகைக்குப் போனாள். வீடு இவானோ பெயரில் இருந்ததால் விண்ணப்பமும் அவன் பெயரில்தான். வலது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். மாளிகைக்குள் நுழைந்ததும் முழுக்கக் கண்ணாடியில் ஒரு லிஃப்ட். பக்கத்திலேயே சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறை. நீவெஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்கெல்லாம் யாரும்மா முத்திரை போட்டது?"

மேசையில் இருந்த ஜினேவ்ரா இளம் கட்டடக்கலைஞர். பாவம், நல்ல பெண். "இது மாளிகைங்க. மாளிகை தனி வகை. ஆசான் ஆராய்ஞ்சது சாதாரண ஜனங்களோட வீட்டைத்தான். அதனால சாதாரண வீட்டைத்தான் நாங்க காப்பாத்தணும்."

"யார்கிட்டேருந்து?"

"அதுல இருக்கிறவங்ககிட்டேருந்து" என்றாள் ஜினேவ்ரா. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். சட்டென்று ஆசானின் தாளை விரித்து, நீவெஸுடைய இருபத்தேழாம் எண் வீட்டில் விரலை வைத்தாள். முகம் சுருங்கியது.

"கதவு எந்தச் சுவர்ல கேக்குறீங்க?"

"இடது சுவர்ல."

"முடியாதே. அங்க படிக்கட்டு இருக்கு."

"எங்க வீட்டுலயா? படிக்கட்டு வலது பக்கம்மா."

"இல்லைங்க, இடது. இதோ பாருங்க, போட்டிருக்கு."

"பொண்ணே, நாப்பத்தோரு வருஷமா அதுல ஏறி இறங்குறேன்."

"இருக்கலாம்" என்றாள் ஜினேவ்ரா பரிவோடு. "பழக்கம் வேற, பதிவு வேற இல்லையா?"

விண்ணப்பத்தின் மூலையில் 'படிக்கட்டை மறித்துக் கதவு கோருகிறார்' என்று சிவப்பில் எழுதி உள்ளே அனுப்பினார்கள்.

ஏப்ரலில் வீட்டை வாசிக்க ஏழு பேர் வந்தார்கள். 'பார்க்க' என்று சொல்லிவிடாதீர்கள், அவர்களுக்குக் கோபம் வரும். வாசிக்கத்தான் வந்தார்கள். முன்னால் நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் லவாரினி. வெயில் நாளிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. உள்ளே வந்ததும் பேராசிரியர் இடது சுவரில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். மற்ற ஆறு பேரும் வயதுப்படி வரிசையாக ஆளுக்கொரு இடத்தில் காதை வைத்தார்கள். நீவெஸ் காபித் தட்டோடு நின்றாள். துல்லியோ வாசலில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா புரபசர்? கழுதை ஏதாவது சொல்லுதா?"

பேராசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. "படிக்கட்டு இருக்கு" என்றார். "மறைஞ்சு இருக்கு."

"எதுக்குள்ள?"

"இல்லாமையில."

ஆறு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு மேல்தளத்தையும் வாசிக்க வேண்டியிருந்தது. ஏழு பேரும் வலது பக்கத்துப் படிக்கட்டின் அடியில் வந்து நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துல்லியோ விடவில்லை. "பாத்து ஏறுங்க சாமிகளா! இல்லாத படியில விழுந்தா இன்ஷூரன்ஸ்காரன் கை விரிச்சுடுவான்." பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடியே ஏறினார். அன்றைய குறிப்பேட்டில் 'மேல்தளம் சென்றடையப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. எப்படி என்று இல்லை.

மே மாதம் முழுக்கப் பதில் வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள் நீவெஸ். ஒருநாள் இந்தக் கதையை இவானோவிடம் சொன்னபோது அவன் பாதி முகத்தால் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவங்க எப்படி நம்ம வீட்டுப் படியை வரைஞ்சிருக்க முடியும்? அவங்க உள்ளேயே வரலையே!"

"என்ன சொல்ற?"

"அவங்க அளக்க வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு. ஆகஸ்ட் மாசம். அம்மா தக்காளி காய்ச்சிட்டிருந்தா. வீடு முழுக்க ஜாடி, நடுவுல கொப்பரை. நாடாவை வெச்சுக்கிட்டு ரெண்டு பசங்க வந்து நின்னானுங்க. அம்மா கரண்டியத் தூக்கிட்டா. எவன் உள்ள கால வெச்சாலும் ஜாடியில போட்டு மூடிடுவேன்னா. ஓடிட்டானுங்க."

"அப்புறம் வரலையா?"

"உன் மாமியாரப் பாத்தவன் மறுபடி வருவானா? நம்ம வரிசையில மத்த எல்லா வீட்டுலயும் படி இடது பக்கம். நம்ம தாத்தா மட்டும் கொட்டில் பக்கம் கழுதைச் சூடு வரட்டும்னு அந்தச் சுவரை விட்டுட்டு வலது பக்கம் கட்டினாரு. பக்கத்து வீட்டைப் பாத்து நம்ம வீட்டை வரைஞ்சிருக்கானுங்க."

நீவெஸ் அன்றைக்கு ஊர் திரும்பியதும் நேராக மாளிகைக்குத்தான் போனாள். ஜினேவ்ரா முதலில் தயங்கினாள். பிறகு உள்ளே போய் 1956ஆம் வருஷத்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே ஆசானின் கையெழுத்திலேயே இருந்தது: 'வீட்டம்மாள் தக்காளியோடு இருக்கிறார். நுழைய முடியவில்லை. அடுத்த வீட்டை வைத்து ஊகித்தோம். பிறகு கட்டாயம் சரிபார்க்கவும்.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

ஜினேவ்ராவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அறுபது வருஷமா யாரும் இதத் திறக்கவே இல்ல" என்றாள் மெதுவாக.

"இப்ப திறந்தாச்சுல்ல? முத்திரையக் குத்தும்மா."

அவ்வளவு லேசாக முடிந்துவிடுமா? ஜூன் பன்னிரண்டாம் தேதி விசாரணை வைத்தார்கள். பிஷப் மாளிகையின் பெரிய கூடம். சுவரில் ஆசானின் தாள் தங்கச் சட்டத்தில் தொங்கியது. ஒரு பக்கம் பேராசிரியர்கள்; இன்னொரு பக்கம் நீவெஸும், குளித்துத் தலை சீவி வந்திருந்த துல்லியோவும். பேராசிரியர் லவாரினி குறிப்பேட்டைக் கையில் எடுத்து, அந்த வரியைத் தானே உரக்கப் படித்தார். பிறகு அமைதியாகச் சுற்றிப் பார்த்தார்.

"நண்பர்களே, எவ்வளவு பெரிய மனுஷன்! பாத்து வரையுறத எவனும் செய்வான், போட்டோ எடுக்கிறவன்கூடச் செய்வான். நம்ம ஆசான் பாக்காமயே வரைஞ்சிருக்காரு! இது வரைக்கும் அவரை மேதைன்னு நெனச்சோம். இன்னிக்குத்தான் அவரு எவ்வளவு பெரிய மேதைன்னு தெரியுது."

கைதட்டல் எழுந்தது.

"ஆனா தப்பா வரைஞ்சிருக்காரே, புரபசர்" என்றாள் நீவெஸ்.

"வீடு தப்பா கட்டப்பட்டிருக்கும்மா" என்றார் அவர் பொறுமையாக. "அந்த வரிசைக்கு இயல்பு இடது படிக்கட்டு. உங்க வீடு அதுலேருந்து வழுவியிருக்கு. ஆசான் வீட்டோட குத்தத்தப் பாக்கல, அதோட நல்ல மனசப் பாத்தாரு."

"அவரே சரிபாக்கச் சொல்லியிருக்காருல்ல? ரெண்டு கோடு போட்டு?"

"சொன்னாரு. எதைச் சரிபாக்கச் சொன்னாருன்னு வாசிக்கத் தெரியணும். உலகத்துல இருநூறு பல்கலைக்கழகத்துல இந்தத் தாளை வெச்சுப் பாடம் நடத்துறாங்க. அதுல நான் ரப்பர் போட்டு அழிக்கவா? வீட்டைத் திருத்துறது சுலபம். படிக்கட்டை இடது பக்கம் மாத்திடுங்க. அப்புறம் கதவுக்கு விண்ணப்பம் போடுங்க."

"படியை அங்க மாத்திட்டா கதவை எங்கய்யா வைப்பேன்?"

"அது அடுத்த விண்ணப்பம்."

நீவெஸ் எழுந்து நின்றாள். அதுவரைக்கும் அவள் யாரிடமும் குரல் உயர்த்தினதில்லை. "பதினெட்டு நாள் இருக்கு! என் புருஷன் வீட்டுக்கு வரணும். எங்க தெருவுல ரெமோ முப்பது வருஷம் முன்னாடி யாரையும் கேக்காம முன்சுவரை இடிச்சுட்டுக் கார் விட்டுக்கிட்டிருக்கான். அவனை ஏன் ஒண்ணும் சொல்லல?"

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆகா, ரெமோ! அது தன்னியல்பு! ஆசான் சொன்னது அதத்தானே? ஜனங்க யாரையும் கேக்காம, யோசிக்காம, தேவைக்கு உடைப்பாங்க. அதுலதான் ஊர் உயிரோட இருக்கு. ரெமோ சுவரைப் பத்தி நானே பதினாலு பக்கம் எழுதியிருக்கேன். ஜப்பான்லேருந்து வந்து பாத்துட்டுப் போறாங்க."

"அப்ப நான் கேட்டதுதான் தப்பா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். வருத்தம்னு சொல்வேன். கேட்டதும் அந்தக் கதவு திட்டமிட்ட கதவாயிடுச்சு. திட்டமிட்ட கதவுக்கு விதி இருக்கு."

"சரி, விண்ணப்பத்தக் கிழிச்சுப் போடுங்க. நாளைக்குக் காலையில துல்லியோ இடிக்கட்டும்."

"முடியாதேம்மா" என்றார் பேராசிரியர். நிஜமாகவே இரங்கினார், அதுதான் கொடுமை. "இப்ப உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு இடிச்சா அது தன்னியல்பு ஆகாது, தன்னியல்பு மாதிரி நடிப்பு. விண்ணப்பம் நிலுவையில இருக்கிறப்ப சுவரைத் தொட்டீங்கன்னா நகராட்சி வந்து வீட்டைப் பூட்டி முத்திரை வெச்சுடும். உங்க புருஷனும் உள்ள வர முடியாது, நீங்களும் வர முடியாது."

துல்லியோ எழுந்தான். "புரபசர், மூத்திரம் வந்தா நீங்க தன்னியல்பாப் போவீங்களா, விண்ணப்பம் போட்டுட்டுப் போவீங்களா?"

அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜூலையும் ஆகஸ்டும் நிலையத்துக்கு விடுமுறை என்பதால் விஷயத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. கையைத் தூக்காதவள் ஜினேவ்ரா ஒருத்திதான். அவளுக்கு ஓட்டுரிமை கிடையாது.

ஜூன் முப்பதாம் தேதி இவானோவை ஆம்புலன்ஸில் ஏற்றி முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். நீவெஸ் கூடவே உட்கார்ந்து போனாள். வளைவு வருகிற ஒவ்வொரு தடவையும் அவன் வலது காலைத் தரையில் அழுத்தினான். டிரைவர் பையன் பிரேக் பிடிக்கிற விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"செப்டம்பர்ல முடிஞ்சுடும்" என்றாள் நீவெஸ்.

"சரி" என்றான் இவானோ. அவன் குறும்பாக ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லவில்லை.

இல்லத்தில் அவனை ஜன்னலோரம் போட்டார்கள். ஜன்னலிலிருந்து ரோடு தெரிந்தது. நாளொன்றுக்கு நான்கு பஸ். ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் தாமதம் என்று நீவெஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜூலைக் கடைசியில் அதையும் விட்டுவிட்டான். சாப்பாட்டை வாயில் வைத்தால் விழுங்கமாட்டான், தலையைத் திருப்பிக்கொள்வான். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மத்தியானம் போய்விட்டான். சவ ஊர்வலத்தில் பஸ் கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். நிலையம் விடுமுறையில் இருந்தது.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. காலையில் காபி குடித்துவிட்டு நீவெஸ் கொட்டிலுக்குப் போய் மாமனாருடைய சம்மட்டியை எடுத்துவந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இடது சுவருக்கு எதிரே நின்றாள், ஓங்கி அடித்தாள். முதல் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பத்தாவது அடியில் ஒரு கல் அசைந்தது. சத்தம் கேட்டுத் துல்லியோ பனியனோடு ஓடிவந்தான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? மேல தாங்கல் இல்லாம இடிச்சா மூணு மாடியும் உன் தலைமேலதான் இறங்கும்!"

"இறங்கட்டும்."

"நீவெஸ், இப்ப எதுக்கு இது? யாரு வரப் போறா?"

அவள் மறுபடி ஓங்கினாள். துல்லியோ வீட்டுக்குப் போய் இரும்புத் தாங்கலையும் இரண்டு முட்டுக்கட்டையையும் கொண்டுவந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் வழி திறந்துவிட்டது.

புதன்கிழமை நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். நீவெஸ் துணிமணிகளை இரண்டு பையில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். வீட்டுக்கு முத்திரை வைப்பார்கள் என்று தெரியும். அவள் தயாராகத்தான் இருந்தாள். பேராசிரியர் லவாரினி உள்ளே வந்தார். உடைந்த சுவரைப் பார்த்தார். கல்லும் சுண்ணாம்பும் கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தன. கழுத்துத் துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"விண்ணப்பம் என்ன ஆச்சு, ஜினேவ்ரா?"

ஜினேவ்ரா கோப்பைப் பிரித்தாள். நீவெஸைப் பார்க்காமல் படித்தாள். "விண்ணப்பதாரர் இவானோ. ஆகஸ்ட் பத்தொன்பது, மரணம். விதிப்படி அன்னிக்கே விண்ணப்பம் காலாவதி."

"அப்ப இந்தச் சுவரைப் பொறுத்தவரைக்கும்..."

"யாரும் எதுவும் கேக்கல."

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. நீவெஸின் சுண்ணாம்புக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஆசான் இத மட்டும் பாத்திருந்தா! முப்பது வருஷமா நான் காத்துட்டிருந்தது இதுக்குத்தான். என்ன ஒரு தன்னியல்பு!"

"வீட்டைப் பூட்டலையா?"

"பூட்டுறதா? இதுல இனிமே ஒரு கல்லைக்கூட யாரும் தொடக்கூடாது. நீங்களும் தொடக்கூடாது."

அளவு நாடா எடுத்தார்கள். உயரம், அகலம், துருத்திய கற்களின் எண்ணிக்கை எல்லாம் ஆயிற்று. ஜினேவ்ரா படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"பயன்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுதுறது?"

எல்லோரும் நீவெஸைப் பார்த்தார்கள். "எதுக்கு இடிச்சீங்கம்மா?" என்று பேராசிரியர் ஆசையோடு கேட்டார்.

"எதுக்கும் இல்ல" என்றாள் நீவெஸ். "இப்ப எதுக்கும் இல்ல."

"எழுதிக்கோ ஜினேவ்ரா. பயன் எதுவும் இல்லை. சுத்தமான வடிவம்."

ஜினேவ்ரா எழுதினாள். பேனா இரண்டு தடவை எழுதாமல் நின்றது. உதறி உதறி எழுதினாள். பிறகு படம் எடுக்கிறவர் முக்காலியை நிறுத்தி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுக் கம்பைச் சுவரில் சாய்த்தார்.

"அம்மா, உங்க நிழல் விழுது" என்றார் பேராசிரியர். "கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுறீங்களா?"

நீவெஸ் அவரைப் பார்த்தாள். பிறகு உடைத்த வழியாகக் குனிந்து கொட்டிலுக்குள் போய், இருட்டில் சுவரோரமாக நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றார் படம் எடுக்கிறவர். "கால் தெரியுது."

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.